சிறு நிலங்களை இணைத்துப் பெரிதாக்க அரசு ஊக்கம் தர வேண்டுமா?

இந்தியாவில் வேளாண் கணக்கெடுப்பு 1970-71இல் நடந்தபோது ஒரு சாகுபடியாளரின் கையில் சராசரியாக 2.28 ஹெக்டேர் நிலம் இருந்தது. 2015-16இல் அது 1.08 ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. ஒரு ஹெக்டேருக்கும் குறைவாகப் பயிரிடுபவரைக் குறு விவசாயி என்றும், ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை பயிரிடுபவரைச் சிறு விவசாயி என்றும் அரசு வகைப்படுத்துகிறது. இவ்விரு வகையினரும் சேர்ந்து நாட்டின் சாகுபடியாளர்களில் 86 விழுக்காட்டினர். ஆனால் அவர்கள் பயிரிடும் பரப்போ மொத்தத்தில் 47 விழுக்காடுதான். தலைமுறைதோறும் பாகப்பிரிவினையால் துண்டாகிவரும் இந்த நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய பண்ணைகளாக்கினால் விளைச்சலும் வருமானமும் உயருமா, அதற்கு அரசு ஊக்கம் தரலாமா என்ற கேள்வி அதனால்தான் மீண்டும் மீண்டும் எழுகிறது.

கேள்விக்கு விடை தேடுவதற்கு முன் இணைப்பு என்ற பெயரில் எவையெல்லாம் பேசப்படுகின்றன என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. முதலாவது, உடைமையை இணைப்பது: சிறு விவசாயி நிலத்தை விற்றுவிட்டு வெளியேற, வாங்கியவரின் பட்டாவில் பரப்பு கூடும். இரண்டாவது, சாகுபடியை மட்டும் இணைப்பது: பட்டா அவரவர் பெயரிலேயே இருக்க, ஒருவர் பலரது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோ, பலர் குழுவாகச் சேர்ந்தோ ஒரே வயலாகப் பயிரிடுவார்கள். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் 2011 முதல் அண்டை வயல்காரர்கள் ஒரே நெல் இரகத்தை ஒரே பருவத்தில் விதைத்து ஒரே நிறுவனத்துக்கு விற்கும் பெருவயல் முறை இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, வயலைத் தொடாமல் வயலுக்கு வெளியே நடப்பதை மட்டும் இணைப்பது: உரம் வாங்குவது, இயந்திரம் வைத்திருப்பது, பதப்படுத்துவது, விற்பது ஆகியவை கூட்டாக நடக்கும். இந்த மூன்றுக்கும் நன்மையும் ஆபத்தும் வெவ்வேறானவை. மூன்றாவதை அரசு தாராளமாக ஊக்குவிக்கலாம், இரண்டாவதற்கு வழியைத் திறந்துவைக்கலாம், முதலாவதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

பெரிய பண்ணைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எளிமையானது. டிராக்டர் வாங்க ஆகும் செலவு இரண்டு ஏக்கர்காரருக்கும் இருநூறு ஏக்கர்காரருக்கும் ஒன்றுதான். அந்தச் செலவை அதிகப் பரப்பில் பகிர்ந்துகொள்பவருக்கு ஏக்கருக்கான அடக்கவிலை குறையும். உரத்தை மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறையும், விளைபொருளை லாரி லாரியாக அனுப்புபவரிடம் வியாபாரி பேரம் பேசத் தயங்குவார், வங்கியும் அவரை மதிக்கும். பரப்பு கூடக் கூட ஓர் அலகுக்கு ஆகும் செலவு குறைவதைப் பொருளியலார் அளவுச் சிக்கனம் என்பார்கள். இந்த வாதத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சிக்கனம் வயலுக்குள் எந்த அளவுக்குக் கிடைக்கிறது, வயலுக்கு வெளியே எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

வயலுக்குள் கிடைத்த சான்றுகள் பலரையும் வியப்பில் ஆழ்த்தின. 1950களில் இந்திய அரசு நடத்திய பண்ணை மேலாண்மை ஆய்வுகளின் தரவுகளைப் பார்த்த அமர்த்தியா சென், நிலத்தின் அளவு கூடும்போது ஏக்கருக்கான விளைச்சல் குறைவதை 1962இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். பண்ணை அளவுக்கும் விளைச்சலுக்கும் உள்ள எதிர்மறைத் தொடர்பு என்று அழைக்கப்படும் இந்த முடிவு பின்னர் பல நாடுகளிலும் ஆராயப்பட்டு, இன்றுவரை விவாதிக்கப்பட்டு வருகிறது. முதன்மையான காரணம் உழைப்பு. குடும்ப உழைப்புக்குக் கூலிக்கணக்கு இல்லை. வீட்டிலுள்ளவர்களுக்கு வெளியே வேலை கிடைக்காதபோது, இன்னொரு முறை களை பறித்தாலோ விடியுமுன் ஒரு முறை தண்ணீர் கட்டினாலோ கிடைக்கும் சிறு கூடுதல் விளைச்சல்கூட அவர்களுக்கு இலாபம்தான். கூலிக்கு ஆள் வைக்கும் பெரிய விவசாயியோ கூலிக்குக் கட்டுப்படியாகும் இடத்தோடு நிறுத்திக்கொள்வார். அதோடு ஆட்களைக் கண்காணிக்கும் செலவும் அவருக்கு உண்டு. பொழுது புலர்வதற்குள் மொட்டாகப் பறித்தாக வேண்டிய மல்லிகை, நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டிய கத்தரி, வெண்டை போன்ற பயிர்களில் சிறு விவசாயி தாக்குப்பிடிப்பதன் இரகசியம் இதுவே.

ஆனால் இதைச் சிறியதே சிறந்தது என்ற முழக்கமாக்கிவிடக் கூடாது. ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பது ஓர் அளவுகோல். உழைத்த ஆளுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறோர் அளவுகோல். ஒன்றரை ஏக்கரில் நான்கு பேர் உழைத்து ஏக்கருக்கு அதிகமாக எடுத்தாலும், அதை நால்வருக்கும் பங்கிட்டால் மிஞ்சுவது சொற்பமே. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, 2018-19 வேளாண் ஆண்டில் இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர்ச் சாகுபடியிலிருந்து வந்தது 3,798 ரூபாய்; கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். விவசாயக் குடும்பம் என்று நாம் அழைக்கும் குடும்பத்துக்கு நிலத்தைவிடக் கூலியே கூடுதலாகச் சோறு போடுகிறது. நாட்டுக்கு உணவு வேண்டும் என்ற கோணத்தில் சிறு நிலம் குறைசொல்ல முடியாததாக இருக்கலாம். குடும்பம் பிழைக்க வேண்டும் என்ற கோணத்தில் அது போதாது. இணைப்பு குறித்த பெரும்பாலான வாக்குவாதங்களில் ஒருவர் முதல் அளவுகோலையும் மற்றவர் இரண்டாவதையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் முடிவு கிடைப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தியக் கிராமங்களின் தரவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்ஸ்வைக் ஆகிய பொருளியலார், மிகச் சிறிய நிலங்களில் உயர்வாக இருக்கும் திறன் பரப்பு கூடும்போது முதலில் சரிந்து, நிலம் மேலும் பெரிதாகும்போது மீண்டும் ஏறுவதாகக் கண்டார்கள். நடுத்தர அளவு நிலம் குடும்ப உழைப்பால் மட்டும் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெரியது. திறன்மிக்க இயந்திரங்களுக்கு வேலை கொடுக்க முடியாத அளவுக்குச் சிறியது. இது சரியானால், ஒன்றரை ஏக்கர்களைச் சேர்த்து ஐந்தாறு ஏக்கராக்கும் அரைகுறை இணைப்பு விளைச்சலைக் கூட்டும் என்று நம்புவதற்கில்லை. நிலத்தை மிகவும் பெரிதாக்கினால்தான் பயன் என்றால், அங்கிருந்து எத்தனை குடும்பங்கள் வெளியேற வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வயலுக்கு வெளியே வந்தால் அளவுச் சிக்கனம் தெளிவாகத் தெரியும். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் பறிக்கும் பச்சைத் தேயிலை சில மணி நேரங்களுக்குள் தொழிற்சாலையை அடைந்தாக வேண்டும். அரை ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர் தொழிற்சாலை கட்ட முடியாது. அங்கே இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் இயங்கும் தொழிற்சாலைகள் பல்லாயிரம் சிறு விவசாயிகளின் இலையைப் பதப்படுத்துகின்றன. தோட்டம் சிறியதாகவே இருக்கிறது, ஆலை மட்டும் பெரிது. இரண்டு மாடு வைத்திருப்பவரின் பால் ஆவின் வழியாக மாநகரத்துக்குப் போவதும் அப்படித்தான். டெல்டாவில் நெல் அறுவடை இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. சம்பா அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து வண்டிகள் வந்து சேர்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையும் இ-வாடகை செயலி வழியாக இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை என்றானபின், அதை வாங்கும் வசதிக்காகவே நிலத்தைப் பெரிதாக்க வேண்டும் என்ற வாதம் பாதி வலுவிழந்துவிடுகிறது.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாடகை வண்டி வந்தாலும் அது வயலுக்குள் இறங்கப் பாதை வேண்டும். நடுவிலுள்ள வயல்காரர், முன்வயல்காரர் அறுக்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அவரது பயிரைச் சேதப்படுத்தி இழப்பீடு கொடுத்துச் செல்ல வேண்டும். சின்னஞ்சிறு வயல்களில் வண்டி திரும்புவதற்கே நேரம் போகிறது, வாடகையோ மணிக்கணக்கில். நிலம் சிறியதாக இருப்பது வேறு, நிலம் சிதறிக் கிடப்பது வேறு. இரண்டு ஏக்கரும் ஒரே இடத்தில் இருப்பவருக்கும், அதே இரண்டு ஏக்கர் நான்கு சர்வே எண்களில் நான்கு திசையில் கிடப்பவருக்கும் நிலைமை ஒன்றல்ல. வரப்புகளால் நிலம் வீணாகிறது என்று வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் அவ்வளவு பெரிதல்ல: சதுரமான ஒரு ஏக்கரை அரை மீட்டர் வரப்புகளால் நான்காகப் பிரித்தால் இழப்பது சுமார் ஒன்றரை செண்ட். உண்மையான இழப்பு நேரத்திலும் தண்ணீரிலும் இருக்கிறது. நான்கு துண்டுக்கும் நான்கு ஆழ்துளைக் கிணறு போட முடியாது, காவலும் இருக்க முடியாது.

சிதறலைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. யாருடைய உடைமையையும் குறைக்காமல், ஊரின் நிலம் முழுவதையும் மண்வளத்தின்படி மதிப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரது மொத்த மதிப்புக்கு ஈடான நிலத்தை ஓரிரு இடங்களில் திரட்டிக் கொடுப்பதே அது. பஞ்சாபில் இதற்கான சட்டம் 1948இல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1953இல் வந்தது. பஞ்சாபில் இது ஏறக்குறைய முழுமையாக நிறைவேறியது. நிலம் ஒரே இடத்தில் சேர்ந்தபின் குழாய்க் கிணறு தோண்டுவது கட்டுப்படியானதும், ஊர்களுக்கு நடுவே வண்டிப் பாதைகள் ஒதுக்கப்பட்டதும், 1960களில் வந்த பசுமைப் புரட்சிக்கு அந்த வட்டாரம் ஆயத்தமாக இருந்ததற்கான காரணங்களில் அடங்கும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சட்டம் இயற்றப்படவில்லை. இயற்றினாலும் பஞ்சாபைப் போல் எளிதில் முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது. சமதளமான கோதுமை நிலத்தை மதிப்பிடுவதும், தலைமடை நஞ்சையையும் கடைமடை நஞ்சையையும் மதிப்பிடுவதும் ஒரே வகை வேலையல்ல. கொங்குப் பகுதியில் ஒரு கிணற்றில் நாலைந்து பங்காளிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் உண்டு; நிலத்தை இடம் மாற்றினால் அந்தக் கிணற்றுப் பங்கை எங்கே மாற்றுவது? இருபது ஆண்டு வளர்த்த தென்னைக்கும் பக்கத்திலுள்ள வெற்று நிலத்துக்கும் என்ன ஈடு? ஆகவே ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றியமைப்பதைவிட, அண்டை வயல்காரர்கள் விரும்பி நிலத்தை மாற்றிக்கொள்ளும்போது முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்வது போன்ற சிறிய உதவி இங்கே கூடுதலாகப் பயன்படும். (நில ஒருங்கிணைப்பு என்ற பெயரைத் தாங்கி 2023இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் வேறு விஷயம், அது பெரிய சிறப்புத் திட்டங்களுக்கு நிலம் திரட்டுவது பற்றியது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

உடைமையை இணைக்க அரசே முனைந்தபோது நடந்தவை உலக வரலாற்றில் பதிவாகியுள்ளன. சோவியத் ஒன்றியத்தில் 1929க்குப் பின் நடந்த கட்டாயக் கூட்டுப்பண்ணையாக்கமும் சீனாவில் 1958இல் தொடங்கிய மக்கள் கம்யூன்களும் பெரும் பஞ்சங்களில் முடிந்தன. சீனா 1978க்குப் பின் சாகுபடிப் பொறுப்பைக் குடும்பங்களிடமே திருப்பிக் கொடுத்தது. இந்தியாவில் 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறையே எதிர்கால வேளாண்மை என்று தீர்மானித்தது. அங்கேயே சரண் சிங் அதை எதிர்த்தார். வெளியே இராஜாஜியும் ஆந்திர விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்காவும் எதிர்த்தார்கள், அதே ஆண்டு சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்ததற்கு அந்தத் தீர்மானம் ஓர் உடனடிக் காரணம். திட்டம் காகிதத்தோடு நின்றது.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான பாடம் ஜனநாயக ஐரோப்பாவில் இருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் வேளாண் ஆணையராக இருந்த சிக்கோ மான்ஸ்ஹோல்ட், தாமே விவசாயம் செய்தவர், 1968இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தானியப் பண்ணை 80 முதல் 120 ஹெக்டேராவது, பால் பண்ணை 40 முதல் 60 மாடுகளாவது கொண்டதாக இருக்க வேண்டும். 1980க்குள் சுமார் ஐம்பது இலட்சம் பேர் வேளாண்மையை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறுவோருக்கு ஓய்வூதியமும் மறுபயிற்சியும் தரப்படும் என்பது அதன் சாரம். வற்புறுத்தல் இல்லை, ஊக்கத்தொகை மட்டுமே. ஆயினும் 1971 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல்லாயிரம் விவசாயிகள் திரண்ட போராட்டம் வன்முறையாகி ஒருவர் உயிரிழந்தார். 1972இல் திட்டம் மிகவும் நீர்த்துப்போன வடிவிலேயே நிறைவேறியது. இதில் கவனிக்க வேண்டியது, அதற்குப் பின்னும் மேற்கு ஐரோப்பாவில் பண்ணைகளின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது என்பதுதான். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நல்ல சம்பளம் கிடைத்தபோது பிள்ளைகள் நிலத்துக்குத் திரும்பவில்லை; நிலம் தானாகவே அண்டை விவசாயியின் கைக்குப் போயிற்று.

இந்தியாவில் அந்த வெளிவேலைகள் இருக்கின்றனவா? 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலையில் உள்ளோரில் சுமார் 46 விழுக்காட்டினர் இன்னும் வேளாண்மையில்தான் இருக்கிறார்கள். 2018-19இல் 42.5 விழுக்காடாகக் குறைந்திருந்த இந்தப் பங்கு, பெருந்தொற்று தொடங்கிய 2019-20இல் 45.6 ஆக மீண்டும் ஏறியது. நகரத்தில் வேலை போனவர்கள் திரும்பிவர ஊரில் ஒரு துண்டு நிலம் இருந்தது. வேலையிழப்புக் காப்பீடு பெரும்பாலோருக்கு இல்லாத நாட்டில் அந்தத் துண்டு நிலம்தான் காப்பீடு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் பார்ப்பவர் கணக்கில் இது வருவதே இல்லை. விற்கச் சொல்லி ஊக்கத்தொகை கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டு முதலில் விற்பவர் கடனில் இருப்பவராகவே இருப்பார், நல்ல வேலை கிடைத்தவராக இருக்க மாட்டார். தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் உண்டு: 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம், 1970இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கருக்கு (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் ஏக்கர்) மேல் அனுமதிப்பதில்லை. அதைத் தளர்த்தச் சொல்பவர்கள், அந்த வரம்பு யாரிடமிருந்து யாருக்கு நிலத்தைக் கொண்டுசெல்ல இயற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விற்காமல் விலகியிருக்க வழி குத்தகை. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர், ஊரிலுள்ள மூன்று ஏக்கரை நம்பிக்கையுள்ள விவசாயியிடம் எழுத்து மூலம் ஐந்தாண்டுக்குக் கொடுத்துவிட்டு, காலம் முடிந்ததும் திரும்பப் பெற முடிந்தால், உடைமை மாறாமலே சாகுபடிப் பரப்பு பெரிதாகும். நடைமுறையில் இது தயக்கத்தோடுதான் நடக்கிறது. பயிரிடும் குத்தகைதாரரை வெளியேற்றாமல் காக்க 1955இல் வந்த சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969இல் வந்த சட்டமும் அக்காலத்தில் மிகத் தேவையானவை. ஆனால் இன்று, எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். ஆகவே வாய்மொழியாகக் கொடுக்கிறார், அல்லது தரிசாகப் போட்டுவிடுகிறார். வாய்மொழிக் குத்தகைதாரரின் பெயர் அடங்கல் என்ற ஊர்ப் பயிர்ப் பதிவேட்டில் ஏறாததால் அவருக்குப் பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் கிடைப்பது அரிதாகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க, உரிமையாளரின் உடைமையையும் குத்தகைதாரரின் கடன், காப்பீட்டு உரிமைகளையும் ஒருசேர உறுதிசெய்யும் மாதிரிச் சட்டம் ஒன்றை நிதி ஆயோக் 2016இல் முன்வைத்தது. என் பார்வையில் அரசு முதலில் செய்ய வேண்டியது இதுவே. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: குத்தகைச் சந்தை திறந்தவுடன் பணபலமுள்ள நிறுவனங்கள் கூடுதல் குத்தகை தர முன்வந்தால், ஏற்கெனவே வாய்மொழியாக அந்நிலத்தில் உழுதுவரும் நிலமற்றவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள், முதல் வாய்ப்பு அவர்களுக்கு என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கூட்டாக இயங்கும் முயற்சிகளும் நடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், இருபது விவசாயிகள் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாகி, பண்ணை இயந்திரங்கள் வாங்க ஐந்து இலட்சம் ரூபாய் தொகுப்பு நிதி பெற்றன. 2020இல் மத்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவையெல்லாம் நான் மேலே மூன்றாவது என்று சொன்ன வகை. சாகுபடியையே குழுவாகச் செய்வதில், கேரள அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் முன்னோடிகள். நாலைந்து முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து, பெரும்பாலும் குத்தகை நிலத்தில் பயிரிடுகிறார்கள். பொருளியலார் பீனா அகர்வால் கேரளத்தையும் தெலங்கானாவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கேரளக் குழுக்கள் தனி விவசாயிகளைவிட ஏக்கருக்கு அதிகமாக எடுத்ததையும், தெலங்கானாவில் குழுக்கள் விளைச்சலில் பின்தங்கியதையும் கண்டார். கேரளத்தில் குழுக்கள் வாழை, காய்கறி போன்ற வணிகப் பயிர்களைத் தேர்ந்தெடுத்தன. வங்கிக் கடன் கிடைத்தது. உள்ளாட்சி அமைப்புகள் துணைநின்றன. குழுவில் சேர்ந்ததும் விலகியதும் அவரவர் விருப்பம். 1959இல் நாக்பூரில் பேசப்பட்ட கூட்டுப்பண்ணையில் ஊரின் நிலம் முழுவதும் ஒரே கொத்தாகச் சேரும். இங்கே எட்டுப் பேர், ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒரு பருவம் ஒத்துவராவிட்டால் அடுத்த பருவத்தில் பிரிந்துவிடலாம்.